தண்ணீர் இறங்கும் முற்றம்

மண் தண்ணீர் விழுங்கும் சத்தத்தை உலகம்மை முதன்முதலில் கேட்டது அவளுடைய அப்பாவைக் குளிப்பாட்டிய அன்றைக்கு. அவளுக்குப் பாவாடை கட்டிய வயது. அப்பாவைப் பலகையில் கிடத்தி, மேளத்தோடு எடுத்துவந்த நீர்மாலைக் குடங்களை ஒருவர் மாற்றி ஒருவர் அவர் தலையில் கவிழ்த்தார்கள். பலகைக்கு அடியில் வெட்டியிருந்த குழியில் அந்தத் தண்ணீர் கலங்கிச் சுழன்று, நுரை ஒதுங்கி, போவதற்கு மனமில்லாததுபோல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரே இழுப்பில் உள்ளே போயிற்று. வெயிலில் நடந்து வந்தவர் சொம்பை வாங்கி முதல் மிடறை விழுங்கும்போது தொண்டையில் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். மாரடித்து அழுதுகொண்டிருந்த பெண்கள் அதற்காகவே காத்திருந்தவர்கள்போல ஒரு கணம் அழுகையை நிறுத்தினார்கள். "இறங்கிட்டு. இனி தூக்கலாம்" என்றாள் ஒருத்தி. அதற்குப் பிறகுதான் ஆண்கள் பாடைக்குக் கை கொடுத்தார்கள்.

அந்தப் பக்கத்து வழக்கம் அது. குளிப்பாட்டிய தண்ணீர் இறந்தவரின் சொந்த வாசல் மண்ணில்தான் இறங்க வேண்டும், சாக்கடைக்குப் போகக்கூடாது, அதை யாரும் தாண்டக்கூடாது, அது முழுவதும் இறங்கி முடியும்வரை பாடை எழும்பக்கூடாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மண் எப்போதும் குடித்துக்கொண்டுதான் இருந்தது, அதனால் கேட்கவேண்டிய அவசியமும் வந்ததில்லை.

செண்பகா நகரில் வீடு கட்டி வந்தபோது உலகம்மைக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே மனைகளாகப் பிரித்து, குறுக்குத் தெருக்களுக்கெல்லாம் பூக்களின் பெயர் வைத்த இடம் அது. மனையில் நான்கில் ஒரு பங்கு மண்ணாகவே கிடக்க வேண்டும், அதில் சிமெண்டோ கல்லோ பாவக்கூடாது என்று நகராட்சியில் ஒரு விதி இருந்தது. விதி இருந்ததால் விலக்கும் இருந்தது. விலக்கு கேட்டு மனுப் போட்டவர் வீட்டு கேட்டில் ஓர் அறிவிப்பு ஒட்டுவார்கள், அக்கம்பக்கத்தார் ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம். செண்பகா நகரில் யாரும் சொன்னதில்லை. இன்றைக்கு அவர்கள் கேட்டில் ஒட்டியது நாளைக்கு நம் கேட்டில் ஒட்டப்படும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் பாம்பு வருகிறது என்று எழுதினார், ஒருவர் கார் நிறுத்த வேண்டும் என்று எழுதினார், ஒருவர் மாமியாருக்கு முட்டிவலி என்று எழுதினார், ஒருவர் வேறொன்றும் தோன்றாமல் செருப்பில் மண் ஒட்டுகிறது என்று எழுதினார். எல்லாருக்கும் விலக்குக் கிடைத்தது. கொத்தனார் வந்து, ஜல்லி வந்து, பேவர் பிளாக்கும் டைல்ஸும் வந்து, வேலை முடிந்த வீட்டிலிருந்து அண்டை வீடுகளுக்கு இனிப்பாகச் சுசியம் போயிற்று. ஒவ்வொரு சுசியத்துக்கும் ஒரு முற்றம் மூடிக்கொண்டது. கடைசியில் நகர் முழுவதிலும் மண் தெரிந்த முற்றம் உலகம்மை வீட்டுடையது மட்டும்தான்.

அதற்குக் காரணம் அவள் புருஷன் சொரிமுத்து. அவர் அரசு பஸ் டிரைவர். "நாள் பூரா தார் ரோட்டுல கெடக்கவன் நான். வீட்டுக்குள்ள வந்தா கால்ல மண்ணு படணும்ளா" என்பார். மனுவும் வேண்டாம், சுசியமும் வேண்டாம் என்று விட்டுவிட்டார். அவர் ஓய்வுபெற்ற வருஷமே பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துபோயின. சக்கர நாற்காலி வீட்டுக்கு வந்தது. அப்போதெல்லாம் வாசற்சரிவிலிருந்து கேட்டு வரைக்கும் மண்ணில் இரண்டு பலகை போட்டால் போதும். சாயங்காலமானால் உலகம்மை அவரைப் பலகைமேல் தள்ளிக்கொண்டு போய் கேட்டடியில் விடுவாள். தெருமுனையில் மெயின் ரோடு தெரியும். பஸ்ஸைப் பார்க்காமலே, எஞ்சின் சத்தத்தை வைத்து, எந்த டெப்போ வண்டி, எந்தக் கியரில் போகிறான், ஓட்டுகிறவன் சாப்பிட்டானா இல்லையா என்பதுவரை சொல்லுவார். "பாவி, கிளச்சப் போட்டு மிதிக்கான் பாரு" என்று சிரிப்பார். ஒரு நாளில் அவர் சிரிப்பது அந்த நேரத்தில் மட்டும்தான்.

இப்படி இருக்கும்போதுதான் மல்லிகைத் தெருவில் தாணுமாலயன் சார் இறந்துபோனார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். செண்பகா நகரில் விழுந்த முதல் சாவு அது. பந்தல் போட்டார்கள், நீர்மாலை எடுத்தார்கள், பலகை போட்டார்கள், பலகைக்கு அடியில் குழி வெட்ட மண்வெட்டியோடு வந்தவர் டைல்ஸைப் பார்த்துவிட்டு மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். வேறு வழியில்லாமல் டைல்ஸின் மேலேயே குளிப்பாட்டினார்கள். தண்ணீர் தெருப்பக்கம் ஓடும்படி கொத்தனார் வாட்டம் வைத்துக் கட்டிய தரைதான். ஆனால் அன்றைக்குத் தண்ணீர் ஓடவில்லை. இறங்கவும் இல்லை. பெரியவர்கள் காத்திருந்தார்கள், அழுத பெண்கள் அழுது ஓய்ந்து காத்திருந்தார்கள், ஐஸ் பெட்டிக்காரன் அடுத்த வீட்டுக்குப் பெட்டி போகவேண்டும் என்று நின்றான், அமரர் ஊர்திக்காரன் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு, "ஐயா, வெயில் ஏறுது, எடுக்கதுன்னா எடுங்க" என்றான். "சும்மா தண்ணிதானே, காஞ்சிரும்" என்றார் சங்கச் செயலாளர் இசக்கியப்பன். தூக்கினார்கள். செண்பகா நகர்க்காரர்கள் செய்த பிழை அதுதான். அதற்குமுன் அந்தப் பக்கத்தில் யாரும் செய்யாதது. மண் எப்போதும் குடித்ததால் செய்ய வேண்டி வராதது.

தண்ணீர் காயவில்லை. ஆள் படுத்திருக்கும் நீளத்தில், ஒரு கையை நெஞ்சில் வைத்த வடிவத்தில், டைல்ஸின் மேல் கிடந்தது. துடைத்தார்கள். துணியைச் சாக்கடையில் பிழிந்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் தண்ணீர் தன்னிடத்தில் இருந்தது. சித்திரை வெயில் அதன்மேல் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துபோயிற்று. குனிந்து பார்த்தால் அதில் வானம் தெரியவில்லை, பந்தல் தெரியவில்லை, பார்க்கிறவர் முகமும் தெரியவில்லை. சாரின் அறையின் உட்கூரை தெரிந்தது, அதில் மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கடைசியாகப் பார்த்தது அதைத்தான் என்று மருமகள் குமுதா சொன்னாள்.

பயம் கொஞ்ச நாள்தான் இருந்தது. மனிதர்கள் எதோடும் வாழப் பழகிக்கொள்கிறார்கள், அதுவும் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் சீக்கிரமாகவே பழகிக்கொள்கிறார்கள். குமுதா காரைத் தெருவில் நிறுத்தச் சொன்னாள். தண்ணீரைச் சுற்றிக் கோலம் போட்டாள். கொசு ஒழிப்புக்காரர் வந்து பார்த்து, இதில் புழுவே வைக்காது என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு அடையாளமாகச் சுவரில் தேதி குறித்துவிட்டுப் போனார். காக்கைகள் குடிக்கவில்லை. பேப்பர் போடுகிறவன் பேப்பரை எறியும் நேரத்தில் தண்ணீர் கேட்டுவரை ஊர்ந்து வந்து, கொஞ்ச நேரம் நின்று, திரும்பிப் போவதைப் பார்த்தார்கள். "மாமா இன்னைக்கு வாசப்பக்கம் இருக்காவ" என்று குமுதா போனில் சொல்வாள், மழை தூறுகிறது என்று சொல்வதுபோல. அடுத்து ரோஜாத் தெருவில் ஒரு கிழவி இறந்தாள். அவள் தண்ணீர் குழாயடியிலேயே கிடந்து, யாராவது குழாயைச் சரியாக மூடாமல் போனால் சிற்றலை எழுப்பியது. அதற்கடுத்து ஒரு கட்டட ஒப்பந்தக்காரர்; அவர் தண்ணீர் ஓரிடத்தில் நிற்காது. தெருவில் நடப்பவர்கள் ஒதுங்கி நடக்கப் பழகினார்கள். விருந்தாளிகளுக்கு முதலில் அதைத்தான் காட்டிக்கொடுத்தார்கள், "பாத்து வாங்க, தாத்தா இருக்காவ" என்று. ஆனால் எல்லா வீட்டிலும் ஒன்றைக் கவனித்தார்கள், வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை: அந்தந்தத் தண்ணீருக்குள் சுற்றிய மின்விசிறி நாளாக ஆக வேகம் கூடிக்கொண்டே போனது. காற்று இல்லாத நேரத்திலும் அதன் காற்று கணுக்காலில் பட்டது.

ஒரு நடுமத்தியானத்தில் தாணுமாலயன் சார் புறப்பட்டார். உலகம்மை கேட்டடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மல்லிகைத் தெருவிலிருந்து அவருடைய தண்ணீர், சாலை விதியை மதிக்கிற மனிதரைப்போல இடது ஓரமாகவே வந்து, தெரு திரும்பி, அவள் வீட்டு கேட்டின் அடியில் நுழைந்தது. அவள் எழுந்து நிற்பதற்குள் முற்றத்து மண்ணைத் தொட்டது. மண் ஒரு மிடறு விழுங்கியது. அவ்வளவுதான். ஈரம்கூட இல்லை. முருங்கை இலை ஒன்று உதிர்ந்து அந்த இடத்தில் விழுந்தது.

"சித்தி, எங்க மாமா இங்க வந்தாவளா?" என்று குமுதா தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"வந்தாவ. உள்ள போயிட்டாவ."

குமுதா மண்ணைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, மாமனார் இறந்த அன்றைக்கு அழாத அழுகையை அங்கே உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்குப் போனதும் கோலத்தைக் கழுவிவிட்டு, காரை உள்ளே நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். குழாயடிக் கிழவி வந்தாள். ஒப்பந்தக்காரர் வழியெல்லாம் ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் உரசிப் பார்த்துக்கொண்டு வந்தார். புதிதாக இறந்தவர்களின் தண்ணீர், குளிப்பாட்டி முடித்ததுமே கிளம்பிவிடும். அது உலகம்மை முற்றத்தில் இறங்கும்வரை பாடையை நிறுத்திவைப்பது வழக்கமாயிற்று. அமரர் ஊர்திக்காரன்கூட ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டு, டீ குடிக்கப் போனான். கேட்டைத் திறந்துவைக்கச் சொல்லி உலகம்மையிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. மண் இருக்கிறது, தண்ணீர் இறங்குகிறது, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போலத்தான் நடந்தது.

ஆனால் அந்த மண் பழைய மண்ணாக இல்லை. மேலே பார்க்கக் காய்ந்து கிடந்தது. காலை வைத்தால் பழுத்த பழம்போல அமுங்கியது. சொரிமுத்துவுக்காகப் போட்ட பலகைகள் விடிவதற்குள் உள்ளே போயிருந்தன. வேறு பலகை போட்டாள், அதுவும் போயிற்று. கருங்கல் பலகை போட்டார்கள், மண் அதையும் வாங்கிக்கொண்டது. ஒரு நாள் பிடிவாதமாக நாற்காலியை இறக்கிப் பார்த்தபோது, சக்கரம் அச்சுவரை புதைந்து, நான்கு பேர் சேர்ந்து அவரைத் தூக்கி எடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அவர் ஜன்னலுக்குப் போனார். ஜன்னலிலிருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் தெரியும். பஸ் சத்தம் வந்தாலும் அவர் எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கினார். மகள் ஓசூரிலிருந்து போனில் பேசினால், "அம்மாட்ட குடுக்கேன்" என்று கொடுத்துவிட்டார்.

"என்ன வேணும்னு சொல்லுங்க" என்றாள் உலகம்மை ஒரு நாள்.

"ரோட்டப் பாக்கணும்" என்றார். "வேற என்ன கேட்டேன் ஒங்கிட்ட."

உலகம்மை விலக்கு கேட்டு மனுப் போட்டாள். முற்றத்தை மூடிப் பேவர் பிளாக் போட, நடமாட முடியாதவர் வீட்டிலிருக்கிறார் என்ற காரணத்தை எழுதினாள். செண்பகா நகரில் அதுவரை எழுதப்பட்ட காரணங்களில் அது ஒன்றுதான் முழுக்க உண்மை. கேட்டில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அன்றைக்குச் சாயங்காலமே நகர் முழுவதும் ஆட்சேபணை தெரிவித்தது.

நகரமைப்பு ஆய்வாளர் ஞானசெல்வி ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது வாசலில் கூட்டம் நின்றது. அவள் டேப்பைப் பிரித்து முற்றத்தை அளந்தாள், மண்ணில் கால் வைக்காமல்.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க. சத்தம் வேண்டாம்."

இசக்கியப்பன் தொண்டையைக் கனைத்தார். "மேடம், நகர்லயே இருக்கது இந்த ஒரு மண்ணு. இதையும் மூடிட்டா நிலத்தடி நீர் என்ன ஆவும்?"

"ஒங்க வீட்டுக்கு விலக்கு குடுத்தது நான்தான் சார். அப்ப நிலத்தடி நீர் எங்க போயிருந்துச்சு?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இசக்கியப்பன் சிரித்தவனைத் தேடினார்.

"உள்ள காரணத்தச் சொல்லுங்க" என்றாள் ஞானசெல்வி.

"எங்க ஆளுகள்லாம் இங்கதான் மேடம் இறங்குதாவ."

அவள் ஆச்சரியப்படவில்லை. வேறு வார்டுகளிலும் பார்த்திருப்பாள் போல. "இறந்தவங்க ஆட்சேபிக்க விதியில இடமில்ல. இருக்கவங்களுக்குத்தான்" என்றாள்.

ஜன்னலிலிருந்து சொரிமுத்துவின் குரல் வந்தது. "ஏம்மா, நான் இருக்கேன்லா! செத்தவன் எல்லாம் உள்ள வாரான், இருக்கவன் வெளிய போவ முடியல. இது என்ன ஞாயம்?"

"ஆத்துல வச்சுக் குளிப்பாட்டுங்களேன்" என்றாள் உலகம்மை கூட்டத்தைப் பார்த்து. "ஏன் என் வாசல்?"

"என்ன சித்தி இப்படிச் சொல்லுதிய" என்றாள் குமுதா. "சொந்த வாசல்ல குளிக்காமப் போனா அனாதப் பிணம்லா?"

"அப்ப ஒங்க வாசல உடைங்க. மண்ணு அதுக்கு அடியிலதான கெடக்கு?"

இசக்கியப்பன்தான் மெதுவாகச் சொன்னார்: "உடைச்சுப் பாத்தாச்சு மதினி. பின்பக்கம், யாருக்கும் தெரியாம. அடியில மண்ணு சாம்பல் மாதிரி வெள்ளையாக் கெடக்கு. தண்ணி ஊத்துனா சேம்பு எலையில ஊத்துன மாதிரி உருண்டு நிக்கி. அதுக்குக் குடிக்க மறந்துட்டு." மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லாருமே யாருக்கும் தெரியாமல் உடைத்துப் பார்த்திருந்தார்கள்.

ஞானசெல்வி டேப்பைச் சுருட்டினாள். "இத்தனை பேருக்குக் குடுத்துட்டு இவங்களுக்கு மட்டும் எப்படி மறுப்பேன்?" என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். விலக்குக் கிடைத்துவிட்டது. மூடுவதும் மூடாமலிருப்பதும் இனி உலகம்மை பாடு.

கொத்தனாருக்குச் சொல்லுமுன் ஒரு நாள் இசக்கியப்பனின் மனைவி பகவதி வந்தாள். வயிற்றில் கட்டி, ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள் என்பது தெருவுக்கே தெரியும். அவள் சேலை உடம்பில் இல்லாமல் கொடியில் கிடப்பதுபோல் இருந்தது. சமையற்கட்டில் உலகம்மைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அவ்வோ எனக்காகத்தான் மதினி அன்னைக்குச் சண்ட போட்டாவ. மனசுல வச்சுக்கிடாதீங்க."

"வைக்கல."

"நீங்க போடுங்க மதினி. அண்ணாச்சி வெளிய வரட்டும். நான் எங்கனயாவது நின்னுக்கிடுதேன்."

உலகம்மை அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். உள்ளறையில் சொரிமுத்து இருமினார். பகவதி எழுந்து, அவளே வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளிப் போட்டுவிட்டுப் போனாள்.

மறுவாரம் கொத்தனார் வந்தார். சித்தாள்கள் கொட்டிய ஜல்லியை மண் முதலில் விழுங்கியது. விழுங்க விழுங்கக் கொட்டினார்கள். கடைசியில் வயிறு நிறைந்ததுபோல வாங்காமல் நின்றது. பேவர் பிளாக் பாவி முடித்த அன்றைக்கு உலகம்மை சுசியம் செய்யவில்லை. சொரிமுத்துவுக்குச் சட்டை போட்டு, தலை சீவி, அவரைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது. மெயின் ரோட்டில் ஒரு பஸ் போயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "புது வண்டி" என்றார். "ஓட்டுதவன் பயப்படுதான். கலியாணம் ஆனவன்." சிரித்தார். உலகம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் முற்றத்தை மூடினாள். எத்தனை பேர் எத்தனை கேட்டாலும் அவளிடம் இருந்த பதில் அது ஒன்றுதான்.

பகவதி ஐப்பசியில் இறந்தாள். குளிப்பாட்டினார்கள். தண்ணீர் புறப்பட்டது. மெலிந்த தண்ணீர், ஒரு ஆளுக்குப் பாதிதான் இருக்கும். பழகிய வழியில் வந்து உலகம்மை வீட்டு கேட்டுக்குள் நுழைந்து, சிமெண்டைத் தொட்டுப் பார்த்தது. முற்றத்தைச் சுற்றி வந்தது. சுவரோரம் விரல்போல ஒதுங்கி ஒதுங்கித் தேடியது. வெட்டிப்போட்ட முருங்கை முன்பு நின்ற இடத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு கேட்டடிக்குத் திரும்பி, சொரிமுத்துவின் சக்கரத்துக்குப் பக்கத்தில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிற்பாளே அப்படி, வந்து நின்றது. அதற்குள் ஒரு மின்விசிறி சுற்றியது. தெரு முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. இசக்கியப்பன் கொள்ளிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் உலகம்மைக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சொரிமுத்து குனிந்து வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார். "எங்க போணும் தாயி?" என்று கேட்டார். பிறகு, "சரி, வா. படியில நிக்காம உள்ள வா" என்று சொல்லிவிட்டு, வலது கையால் சக்கரத்தைத் தள்ளி, வலது காலால் தரையை உதைத்து, கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினார். தண்ணீர் அவருக்குப் பின்னால் போயிற்று.

ஒற்றைக் கையால் தள்ளிய நாற்காலி ஒரு பக்கமாகவே இழுத்தது. உலகம்மை ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். அவள் தள்ள, அவர் வழி சொல்ல, தண்ணீர் இடது ஓரமாகவே வர, மூவரும் மெயின் ரோட்டில் ஏறினார்கள். பஸ்கள் பின்னால் ஊர்ந்தன, ஹாரன் அடிக்கவில்லை. ஒரு பழைய டிரைவர் தலையை வெளியே நீட்டி, "அண்ணாச்சி, எந்த ரூட்டு?" என்று கத்தினார். "ஸ்பெஷல் டிரிப்புடே" என்றார் சொரிமுத்து. பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கி, மணல் தொடங்கும் இடத்தில் நாற்காலியை நிறுத்தி, கையை உயர்த்திக் காட்டினார். தண்ணீர் மணலைத் தொட்டது. இருந்ததா என்று சந்தேகம் வரும்படி இல்லாமல் போயிற்று. அங்கிருந்து திரும்பி வந்து சொன்ன பிறகுதான் பகவதியைத் தூக்கினார்கள்.

அதை ஊர் எவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டது என்பதை உலகம்மை பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். இழவு சொல்லப் போகிறவர்கள் முதலில் சொரிமுத்து வீட்டுக்குச் சொன்னார்கள். சங்கத்தில் நாற்காலிக்கு நல்ல டயர் வாங்கிப் போட்டார்கள். பையன்கள் அதற்குச் 'சொரிமுத்து சர்வீஸ்' என்று பெயர் வைத்தார்கள், அவர் காதில் விழும்படி. பக்கத்து நகர்களிலிருந்தும் ஆள் வந்தது. ஒருமுறை ஒரே பகலில் மூன்று தண்ணீர் சேர்ந்துவிட, அவற்றை வரிசையில் நிற்கவைத்துக் கூட்டிப்போனார். ஆற்றுக்கு அதுகளாகவே போகவேண்டியதுதானே, ஏன் இவர் பின்னால் போகின்றன என்று யாரோ கேட்டதற்குக் குமுதா சொன்னாள்: "உயிரோட இருக்கும்போது அவ்வளவு பேரும் சித்தப்பா ஓட்டுன பஸ்ல ஏறுனவங்கதான." சொரிமுத்துவின் உடம்பு தேறியது. நன்றாகச் சாப்பிட்டார். முன்னிரவில் தூக்கத்தில் கியர் மாற்றினார்.

உலகம்மைக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அவருக்கு முதுகு தேய்த்துவிடும்போது கேட்டுவிட்டாள்.

"எல்லாரையும் கொண்டு விடுதிய. ஒங்கள யாரு கொண்டு விடுவா?"

"டிரைவருக்கு எதுக்குளா டிக்கெட்டு?" என்றார்.

"வெளையாட்டா இருக்கா? நான் முன்னால நடந்தா வருவியளா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளுக்கு இரண்டடி முன்னால்தான் நடந்திருக்கிறார். அவளுக்குப் பின்னால் அவர் ஒருநாளும் நடந்ததில்லை. அது இருவருக்கும் தெரிந்திருந்தது. முதுகில் ஊற்றிய தண்ணீர் குளியலறைத் தரையில் ஓடி, சாக்கடைக்குள் ஒழுங்காகப் போயிற்று. உயிரோடு இருக்கிறவரின் தண்ணீர்.

அடுத்த நாள் அவர் தூங்கும்போது உலகம்மை கடப்பாறையால் முற்றத்தில் ஒரு பேவர் பிளாக்கை நெம்பி எடுத்தாள். ஜல்லியைக் கையால் ஒதுக்கினாள். அடியில் மண் வெள்ளையாக இருந்தது. ஒரு செம்பு ஊற்றினாள். தண்ணீர் உருண்டு, முத்தாகி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளத்தை விட்டு ஏறிச் சிமெண்டின்மேல் வந்து நின்றது. அவள் குனிந்து, பேசாத குழந்தையிடம் பேசுவதுபோல மண்ணிடம், "குடி" என்றாள். "கொஞ்சம்தான். குடி." சாயங்காலம்வரை இருந்து பார்த்துவிட்டு, பிளாக்கைத் திரும்ப வைத்து, குதிகாலால் அழுத்திச் சமப்படுத்தினாள்.

ஆடி மாதம் சொரிமுத்துவுக்கு இரண்டாவது முறை வாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் வந்துவிட்டாள். அவருக்குப் பேச்சு வரவில்லை, கண் மட்டும் ஜன்னல் பக்கமே இருந்தது. கட்டிலை ஜன்னலுக்குத் திருப்பிப் போடச் சொல்லி உலகம்மை நர்சிடம் சண்டை போட்டாள், திருப்பிப் போட்டார்கள். அங்கிருந்து பஸ் நிலையம் தெரிந்தது. அதைப் பார்த்தபடியே இறந்தார்.

இசக்கியப்பன் பந்தலுக்குச் சொல்லிவிட்டு ஓடிவந்தார். செண்பகா நகர் முழுவதும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. "எல்லாம் ரெடி மதினி. வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். நம்ம வாசல்லயே வச்சு ராசா மாதிரி குளிப்பாட்டி அனுப்புவோம்."

"வேண்டாம்" என்றாள் உலகம்மை.

"எம்மா, அப்பாவ அனாத மாதிரியா?" என்று மகள் அவள் கையைப் பிடித்தாள்.

"எப்பவும் முன்னால போனவர்ட்டி அவரு. எம் பின்னால ஆத்துக்கு வரமாட்டாரு. அங்கன வச்சு ஊத்துனா அந்தச் சிமெண்டுலயே சுத்திக்கிட்டு நிப்பாரு. நான் பாத்துக்கிட்டு இருக்கணும். ஃபேன் வேகமாச் சுத்தச் சுத்தப் பாத்துக்கிட்டு இருக்கணும்." அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "இங்கனயே முடிங்க."

பிணவறைக்குப் பின்னால், ரப்பர் குழாய் மாட்டிய சிமெண்டுத் தொட்டியடியில், ஆஸ்பத்திரி ஊழியர்கள் இரண்டு பேர் சொரிமுத்துவைக் குளிப்பாட்டினார்கள். நீர்மாலை எடுக்கவில்லை. உலகம்மை அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள், கீழே குனிந்து பார்க்கவில்லை, தண்ணீர் எந்தப் பக்கம் போயிற்று என்று யாரிடமும் கேட்கவும் இல்லை. அங்கிருந்தே நேராகச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனார்கள். செண்பகா நகர் வீட்டில் இப்போது வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள். உலகம்மை ஓசூரில், மகள் வீட்டில், நான்காவது மாடியில் இருக்கிறாள்.